பதினைஞ்சு இஞ்சுப் பெட்டி

தம்பி, காலை அந்தப் பக்கமா நீட்டிக்கிடுங்க. பெட்டி மேல வச்சிராதீங்க. முன்னால போட்டிருக்கிற துணி கிழிஞ்சா கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டான். கோவிச்சுக்கிடாதீங்க, இடைஞ்சல்தான், என்ன செய்ய. டிக்கில போடுங்கன்னு கண்டக்டர் சொன்னாரு. நான்தான் முடியாதுன்னு லக்கேஜ் டிக்கெட் வாங்கி உள்ள ஏத்திட்டேன். மதுரைக்குத்தானே? நானும் அங்கதான்.

சின்ன ஃப்ரிட்ஜுன்னு நினைச்சீங்களா? ஏறுனவங்க எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க. இது ஆம்ப் தம்பி. பேஸ் கிட்டார் ஆம்ப். தடிச்ச கம்பி போட்ட கிட்டார் பாத்திருப்பீங்க, பாட்டுக்கு அடியில தும் தும்னு போகுமே, அந்தச் சத்தம் இது வழியாத்தான் வெளிய வரும். உள்ள பதினைஞ்சு இஞ்சு ஸ்பீக்கர். நூறு வாட். வீட்டுக்குள்ள பிராக்டீஸ் பண்ண நூறு வாட்! நீங்களே சொல்லுங்க, நியாயமா இது?

இருங்க, போன் அடிக்குது. ம்... வீட்டுலதான். அடிக்கட்டும். பஸ் ஏறுனதுல இருந்து அடிச்சுக்கிட்டே இருக்கா.

என்னைத் தெரியலையா? சாத்தூர்ப் பக்கம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். தேன்சாரல் சௌந்தரபாண்டி. தேன்சாரல் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓனரும் நான்தான், பாடகனும் நான்தான். கோயில் கொடை, பொங்கல், கல்யாணம், காதுகுத்து, ஏறாத மேடை கிடையாது. இந்த வயசுலயும் ஒரிஜினல் சுருதியிலதான் பாடுறேன். அதுதான் நம்ம பேரு. புரியிற மாதிரி சொல்றேன். ரெக்கார்டுல பாட்டு எவ்வளவு உசரத்துல இருக்கோ, மேடையிலயும் அதே உசரத்துல பாடணும். பாதிப் பேரால முடியாது. வயசானா குரல் மேல ஏறாதுல்ல, உடனே சுருதியக் குறைச்சிருவாங்க. இப்ப கீபோர்டுல அதுக்குன்னே பொத்தான் வந்திருச்சு. வாசிக்கிறவங்க எப்பவும் வாசிக்கிற கட்டையத்தான் வாசிப்பாங்க, அந்தப் பொத்தானை அமுக்கிட்டா மொத்தப் பாட்டும் கீழ இறங்கி வந்திரும். பாடகன் சொகுசாப் பாடிட்டுப் போகலாம். எனக்கு அந்தப் பொழப்பு வேண்டாம். மைக்கைப் பிடிச்சதும் அதைத்தான் முதல்ல சொல்லுவேன். ஒரிஜினல் சுருதி, அரைக்கட்டை கூடக் குறைக்கலன்னு. கூட்டம் அப்படிக் கை தட்டும்.

கீபோர்டு என் சம்சாரம் இந்துமதி. கல்யாணத்துக்கு முன்னால ஆர்மோனியம் வாசிச்சவ, நான்தான் மேடைக்குக் கொண்டு வந்தேன். பேச மாட்டா. எனக்கு வலது பக்கம் உக்காந்து, என் கழுத்தையே பாத்துக்கிட்டு வாசிப்பா. மூஞ்சியப் பாத்தாலும் ஒரு அர்த்தம் இருக்கு. கழுத்தை! ஏன்டின்னு கேட்டா சிரிப்பா. அவ ஒரு மாதிரி.

தபலா, டிரம் சத்தமெல்லாம் குச்சியால தட்டுற ரிதம் பேடு காசிம், அவனால எந்தத் தொந்தரவும் இல்ல. பிரச்சனையே பேஸ் கிட்டார் எட்வின்தான்.

பையன் நல்லவன். சர்ச்சுல வாசிச்சுப் பழகின கை. அவனுக்கு முன்னால ராஜாமணி அண்ணன் இருந்தாரு, இப்ப மகன்கூட திருப்பூர்ல இருக்காரு. அவரு நாலு கம்பி கிட்டார்தான் வச்சிருந்தாரு. வீட்டுல பிராக்டீசுக்கு எட்டு இஞ்சுல ஒரு பழைய பெட்டி. அதுல என்ன வந்துச்சோ அதுதான் சத்தம். யாருக்கும் கேக்காது, யாரும் கண்டுக்கிடவும் மாட்டோம். மேடையில சவுண்டு செட்டுக்காரரு பாத்துக்கிடுவாரு. இப்படியே எத்தனையோ வருசம் ஓடிருச்சுல்ல? இவன் என்ன பண்ணான், போன வருசம் திடீர்னு அஞ்சு கம்பி கிட்டாரைத் தூக்கிக்கிட்டு வந்தான். எதுக்குடா அஞ்சாவது கம்பின்னேன். "நாலு பத்தல அண்ணே, இன்னும் கீழ போக வேண்டியிருக்கு"ன்னான். அதே பாட்டு, அதே பாடகன். ராஜாமணி அண்ணனுக்குப் பத்துச்சு, இவனுக்குப் பத்தலையாம். எல்லாம் போன்ல வீடியோ பாத்துட்டு வர்ற ஸ்டைல் தம்பி.

அப்புறம் பாத்தா, அந்த அஞ்சாவது கம்பியத் தொட்டாலே எட்டு இஞ்சுப் பெட்டி படபடன்னு பேப்பர் கிழியிற மாதிரி கத்துது. "ஸ்பீக்கர் தாங்கல அண்ணே, ஆம்ப் மாத்தணும்"னான். அந்தக் கம்பியத் தொடாம வாசிடான்னேன். நல்ல யோசனைதானே? அவன் இந்துமதியப் பாத்தான். அவ கீபோர்டைத் துடைச்சுக்கிட்டே, "வாங்கிக் குடுங்க, பாவம்"னா. வீட்டுக்கு ஒரு பென்சில் வாங்கணும்னாலும் யோசிக்கிறவ. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு.

சரின்னு ரெண்டு பேரும் மதுரைக்குப் போனோம். கடையில மூணு பெட்டி எடுத்து வச்சாங்க. ஒண்ணு எட்டு இஞ்சு, கைப்பிடியப் பிடிச்சா டிபன் கேரியர் மாதிரி தூக்கிட்டு வந்திரலாம். இன்னொண்ணு பத்து இஞ்சு, நாப்பது வாட். அதுதான் தம்பி அழகு. நீலக் கலர்ல லைட் எரியுது, உள்ளயே எக்கோ இருக்கு, ரிதம் இருக்கு, போன்ல இருந்து பாட்டும் போடலாம். மூணாவது இந்தச் சனியன். கறுப்பா, கனமா, திருகு நாலஞ்சு, வேற ஒண்ணும் கிடையாது. எட்வின் நேரா இதுக்கிட்டப் போயிட்டான். நீல லைட்டைத் திரும்பிக்கூடப் பாக்கல. அஞ்சாவது கம்பியத் தட்டிட்டு, ஸ்பீக்கர் துணி மேல உள்ளங்கைய வச்சுப் பாக்கான். காய்ச்சல்காரன் நெத்தியத் தொட்டுப் பாப்போமே, அந்த மாதிரி. "அண்ணே, கம்பி பேசுற சத்தம் அப்படியே வருது"ன்னான். எனக்கு ஒண்ணும் வரல. தரைதான் கிடுகிடுன்னுச்சு.

கடைக்கார ஐயா பழைய மேடைக் கீபோர்டிஸ்டு போல. நான் யாருன்னு சொன்னேன், ஒரிஜினல் சுருதி விசயத்தையும் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோசம். "அப்ப ஒரு பாட்டு பாடுங்க, கிட்டாரோட சேந்து பாத்தாத்தான் ஆம்ப் எப்படின்னு தெரியும்"னு, கடை கீபோர்டுல உக்காந்துட்டாரு. எட்வினுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. "வேணாம் அண்ணே, ஆம்பை மட்டும் பாப்போம்"னான். கையப் பிடிச்சு இழுக்கான் தம்பி. என்ன பயமோ. நான் விடுவேனா? என் பாட்டு ஒண்ணு இருக்கு, அதைப் பாடாம எந்த ஊர்லயும் என்னை மேடைய விட்டு இறங்க விட மாட்டாங்க. அதை எடுத்தேன். பல்லவி கும்முன்னு போச்சு. சரணத்துல ஒரு எடம் சரசரன்னு மேல ஏறும். அங்க...

அங்க குரல் கொஞ்சம் பிசிறிருச்சு. கொஞ்சம்தான். கடையில ஏசி. வெயில்ல வந்துட்டுத் திடுதிப்புன்னு ஏசியில நின்னா யாருக்கும் பிசிறும். கடைக்கார ஐயா வாசிக்கிறதை நிறுத்திட்டு, "ரெண்டு கட்டை இறக்கிக்கிடலாமா?"ன்னு கேட்டாரு தம்பி. யாருகிட்ட? எங்கிட்ட! நான் வாயத் தொறக்குறதுக்குள்ள எட்வின் முந்திக்கிட்டான். "ஐயா, அவரு குரல் இல்ல, இந்தப் பெட்டிச் சத்தம் அமுக்குது. அதான் அண்ணனுக்குச் சுருதி பிடிபடல"ன்னான்.

பாத்தீங்களா? அவனே சொன்னான். அவன் வாயால. நான் இட்டுக்கட்டல.

அப்ப நான் என்ன முடிவெடுக்கணும்? பாடகனை அமுக்குற பெட்டி எதுக்கு? நீல லைட்டை எடுத்துப் பில் போடுங்கன்னுட்டேன். எட்வின் நெத்தியில அடிச்சுக்கிட்டான். வெளிய போய் யாருக்கோ போன் பேசுனான். அடுத்த நிமிசம் எனக்குப் போன், இந்துமதி. "அந்தப் பெரிசையே எடுங்க. எனக்காக எடுங்க"ன்னா. கல்யாணம் ஆனதுல இருந்து எனக்காகன்னு அவ எதையும் கேட்டதில்ல தம்பி. என்ன சொல்றது? எடுத்தாச்சு.

விருதுநகர் வந்திருச்சு போல. தண்ணி வச்சிருக்கீங்களா? ஒரு மடக்கு குடுங்க. தொண்டை காஞ்சு கிடக்கு.

வீட்டுக்கு வந்தது பெட்டி இல்ல, ஏழரை. முதல் நாள் போட்டதுமே ஷோகேஸ்ல இருந்த என் ஷீல்டு எல்லாம் கிலுகிலுன்னு ஆடுது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா, கரண்டு மோட்டார் எதுவும் ஓடுதான்னு கேட்டு வந்துட்டாங்க. அதுகூடப் பெரிசில்ல. பேஸ் சத்தம் இப்பத்தான் எனக்கு ஒழுங்காக் காதுல விழுது. விழுந்தா, பாட்டு என்னமோ வேற எடத்துல இருக்க மாதிரி இருக்கு. எப்படிச் சொல்றது... நம்ம வீட்டுக்குள்ளதான் நடக்குறோம், ஆனா படி ஒண்ணு இறங்குது. அப்படி. ராத்திரி படுத்தாலும் அதே ரோசனை. கேட்டா இந்துமதி, "புதுப் பெட்டில்ல, பழகிரும்"னா.

நாளைக்குச் சாயங்காலம் எங்க ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கச்சேரி. வருசா வருசம் நாமதான். இந்த வருசம் கமிட்டியில புதுப் பசங்க. விருதுநகர்ல இருந்து வேற ட்ரூப்பைக் கூட்டியாரணும்னு ஒரு பேச்சு ஓடி, நான் போய் நின்னுதான் கச்சேரிய வாங்கியிருக்கேன். சொந்த ஊர் மேடை தம்பி. அது போச்சுன்னா அப்புறம் எந்த ஊர்க்காரன் கூப்பிடுவான்? அதனாலதான் எனக்கு இவ்வளவு வேகம்.

நேத்துச் சாயங்காலம் பிராக்டீஸ். என் பாட்டை எடுத்தோம். நான் எட்வினோட கையையே பாத்துக்கிட்டு இருந்தேன். கிட்டார் கழுத்துல கட்டம் கட்டமா இருக்கும், சில கட்டத்துல வெள்ளைப் புள்ளி வச்சிருப்பாங்க. ராஜாமணி அண்ணன் இந்தப் பாட்டைப் புள்ளி வச்ச கட்டத்துலதான் ஆரம்பிப்பாரு. அது என் கண்ணுக்குள்ளயே நிக்குது. இவன் மூணு கட்டம் கீழ, புள்ளியே இல்லாத எடத்துல வாசிக்கான்! நிறுத்துடான்னேன். "எந்தக் கட்டத்துலடா வாசிக்கிற?" கம்பியத் துடைக்கான். "ராஜாமணி அண்ணன் வாசிச்ச எடத்துல வாசி." அவன் இந்துமதியப் பாக்கான். "அங்க என்னடா பார்வை? பாடுறது நானா அவளா?"ன்னு கத்திட்டேன். காசிம் குச்சியக் கீழ வச்சுட்டான்.

சரின்னு புள்ளியில வச்சு வாசிச்சான். அவ கீபோர்டு வாசிச்சா. தம்பி, நாராசம். ரெண்டும் ரெண்டு ஊர்ப் பாட்டு மாதிரி ஒண்ணோட ஒண்ணு மோதுது. "பாத்தியா, பெட்டி கோளாறு"ன்னேன். எட்வின் தலைய நிமித்தவே இல்ல. அப்ப இந்துமதி கீபோர்டுல என்னமோ தட்டினா. திரும்ப வாசிச்சாங்க. இப்ப ரெண்டும் கச்சிதமாச் சேந்துருச்சு. "ம், பாடுங்க"ன்னா. அவ குரலே சரியில்ல.

பாடினேன். சரணத்துல அந்த எடம் வந்துச்சு. குரல் வரல. பிசிறுகூட இல்ல தம்பி, காத்துதான் வந்துச்சு. திரும்ப எடுத்தேன், திரும்பவும் வரல. பெட்டியப் போய் ஒரு மிதி மிதிச்சேன். "இதுதான் அமுக்குது. எடு இதை"ன்னேன். எட்வின் எந்திரிச்சு, "பெட்டி மேல பழி போடாதீங்க அண்ணே"ன்னான். நான் விடல. "கடையில நீதானடா சொன்ன, பெட்டி அமுக்குதுன்னு? பத்துப் பேரு முன்னால சொல்லிட்டு இப்ப நாக்கைப் பிரட்டுறியா?" மடக்கிட்டேன்ல? பாவம், மாட்டிக்கிட்டான். மறுபடியும் இந்துமதியப் பாத்தான். அவ வேண்டாம்னு தலைய ஆட்டினா. கிட்டாரை உறையில போட்டுக்கிட்டுப் போயிட்டான். போன் போட்டா எடுக்க மாட்டேங்கான். நாளைக்கு மேடைக்கு வருவானோ மாட்டானோ, அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

திரும்ப அடிக்குது பாருங்க. அடிக்கட்டும். எடுத்தா, திரும்பி வாங்கம்பா. இதைக் குடுத்துட்டு நீல லைட்டை வாங்கிட்டு சாயங்காலத்துக்குள்ள போயிருவேன். எல்லாம் பழையபடி ஆயிரும்.

இன்னொண்ணும் இருக்கு. காலையில அவ குளிக்கப் போயிருந்தா. சுருதி சரி பாக்கலாம்னு நானே கீபோர்டைப் போட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஒரு கட்டைய அமுக்கத் தெரியும். பாட்டுப் பாட்டா உள்ள சேத்து வச்சிருக்கா. என் பாட்டைத் தட்டினா, கீபோர்டு மேல நம்பர் எரியிற சின்னக் கண்ணாடில மைனஸ் மூணுன்னு காட்டுது. அடுத்த பாட்டு, மைனஸ் மூணு. அதுக்கு அடுத்தது, மைனஸ் ரெண்டு. எல்லாப் பாட்டுக்கும் ஒரு மைனஸ். எனக்குச் சிரிப்பு வந்துச்சு தம்பி. இந்தப் பெட்டி வந்ததுல இருந்து வீட்டுல கரண்டு ஏத்த இறக்கம், மெஷின் குழம்பிப் போயிருக்கு. இல்ல காசிம் மக விளையாடி அமுக்கியிருக்கும். உக்காந்து ஒண்ணு விடாம எல்லாத்தையும் சைபர் ஆக்கிச் சேத்து வச்சுட்டேன். இனி நாளைக்கு ஒரு கோளாறும் வராது. அவகிட்டச் சொல்லல. அப்பத்தான் குளிச்சுட்டு வந்தா, பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

என்ன, அப்படிப் பாக்குறீங்க?

போனை எடுக்கவா சொல்றீங்க தம்பி?

சரி, எடுக்குறேன். நீங்க சொல்றீங்கன்னு எடுக்குறேன். சத்தம் பெருசாக் கேக்கும், தப்பா நினைக்காதீங்க, எனக்கு போன் அப்படித்தான்.

ம், சொல்லு. பஸ்ஸுல. கள்ளிக்குடி தாண்டிருச்சு... ஆமா, பெட்டியும் எங்கூடத்தான் இருக்கு... ஆமா, நான்தான் மாத்தினேன். எல்லாத்தையும்... ஏன் அழுவுற? இந்து, ஏன் அழுவுறங்கேன்... ம்... ம்... எப்ப இருந்து?... ம்... அவனுக்குத் தெரியுமா?... காசிமுக்கு?... ம்... ம்.

நீங்களும் கேட்டீங்களா? கேட்டிருப்பீங்க, இவ்வளவு பக்கத்துல இருக்கீங்க. எப்ப இருந்துன்னு கேட்டேன். அவளுக்கே நாள் ஞாபகம் இல்லையாம். "அந்த எடத்துக்கு ஏறுறப்ப உங்க கழுத்து நரம்பு புடைக்கும். அறுந்துருமோன்னு பாத்துக்கிட்டே வாசிப்பேன். ஒரு மேடையில சும்மா அரைக்கட்டை இறக்கிப் பாத்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டே பாடினீங்க. அதுக்கப்புறம் திரும்ப ஏத்த எனக்கு மனசு வரல"ன்னா. வருசம் போகப் போக இன்னும் இறக்கியிருக்கா. எனக்காகப் பெட்டிய எடுங்கன்னாளே, அது இதுக்குத்தான். கிட்டாருக்குப் பொத்தான் கிடையாதுல்ல, எட்வின் கைய மாத்தி மாத்தித்தான் வாசிக்கணும். இறக்க இறக்க அவனுக்கு நாலு கம்பி பத்தாமப் போச்சு. அந்தக் கீழ்ச் சத்தத்தைச் சின்னப் பெட்டியால தாங்க முடியல. நான் எவ்வளவு கீழ வந்திருக்கேனோ அவ்வளவு கீழ வந்து நிக்கத்தான் அந்தப் பையன் இதைக் கேட்டிருக்கான். நான் போட்டு மிதிச்சிருக்கேன்.

கடைசியா என்ன கேட்டா தெரியுமா? "நீங்க சைபர் ஆக்குனதை அப்படியே விடவா, இறக்கவா? உங்க இஷ்டம்"னா. எத்தனையோ வருசமா என்னைக் கேக்காமலே செஞ்சவ, இன்னிக்குக் கேக்குறா. நான் என்ன சொன்னேன்னுதான் உங்களுக்கே கேட்டுச்சே. ம்னேன். இறக்குன்னு வாயத் தொறந்து சொல்ல முடியல தம்பி. அவளுக்குப் புரிஞ்சிருக்கும்.

கண்டக்டர் சார்! திருமங்கலத்துல ஒரு ஆளு இறங்கணும். ஆமா, மதுரை டிக்கெட்டுதான், பரவாயில்ல, நிறுத்துங்க.

இருங்க தம்பி, இன்னும் ஒரே ஒரு போன். எடுப்பானான்னு தெரியல... அடிச்சுக்கிட்டே இருக்கு... எலே எட்வின், அண்ணன்டா. வச்சிராத, வச்சிராத. பெட்டி எங்கிட்டதான்டா இருக்கு. குடுக்கல. இன்னிக்குச் சாயங்காலம் பிராக்டீசுக்குக் கிட்டாரை எடுத்துட்டு வந்திரு... எந்தக் கட்டத்துலயா? நீ எப்பவும் எங்க வைப்பியோ அங்கயே வை. அந்தப் புள்ளியெல்லாம் பாக்க வேண்டாம்... எலே, ஒண்ணும் சொல்லாதடா. மதினி சொல்லிட்டா. வா, அவ்வளவுதான்... குரலா? ஒண்ணும் இல்ல. பஸ்ஸுல சன்னல் காத்து.

அந்தச் சன்னலைக் கொஞ்சம் சாத்துங்க தம்பி. காத்து தொண்டையக் கட்டுது.

வந்திருச்சு. ஒரு கை குடுங்க. மெதுவா, துணியில கை படாம, அடியில பிடிங்க. கனம்தான், பாத்து. ரோட்டைத் தாண்டி நின்னா சாத்தூர் பஸ் வந்திரும். நாளைக்கு மைக்கைப் பிடிச்சதும் என்ன சொல்றதுன்னு யோசிக்கேன். ஒரிஜினல் சுருதின்னு இனி சொல்ல முடியாது. பரவாயில்ல, சொல்றதுக்கு விசயமா இல்ல? கடையில மூணு பெட்டி வச்சிருந்தான், பளபளன்னு நீல லைட்டெல்லாம் போட்டு. மத்த ரெண்டையும் திரும்பிக்கூடப் பாக்காம, இதுதான் வேணும்னு இந்தப் பெட்டிய எடுத்தது நான்தான்னு சொல்லுவேன்.